அக்லி ஸ்டிக்: கிளோ இன்ஜினில் தொடங்கி மோட்டாரில் முடிந்த வேலை

போன ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு தரையிலிருந்து ரேடியோவில் நான் இயக்கும் மாதிரி விமானம் செங்குத்தாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்றது. ரடரை, அதாவது நிமிர்வாலில் அசையும் பலகையை, தள்ளியதும் பக்கவாட்டில் புரண்டு, ஏறிய கோட்டிலேயே மூக்கைக் கீழே வைத்து இறங்கியது. இதற்கு ஸ்டால் டர்ன் என்று பெயர். ஐந்து முறை முயன்றதில் நான்கு முறை சரியாக வந்தது. இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு வித்தையைத்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்து எங்கே எவ்வளவு செலவானது, எங்கே தவறினேன் என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன்.

நான் பறக்கவிடுவது மேலூர் பக்கம் ஒரு கண்மாயில். மாசி பிறந்தால் தரை காய்ந்து கெட்டியாகிவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் நிற்கும். அந்த நாலு மாதம் வீட்டில் பட்டறை வேலைதான். ட்ரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்தபோது அந்த இடம் பச்சை, 400 அடி வரை பறக்கலாம் என்று இருந்தது. மூன்று பக்கமும் சீமைக்கருவேலம். இந்த மூன்று விஷயங்களையும், அதாவது தரை, வானம், முள், விமானம் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. முதலில் விமானத்தைப் பார்த்தேன்.

2023 மாசியில் ஒருவர் எக்ஸ்ட்ரா 300 என்ற வித்தை விமானத்தின் பழைய மாதிரி ஒன்றை விற்றார். இறக்கை 140 செ.மீ., வெள்ளை சிவப்பு உறை, பார்க்க அவ்வளவு அழகு. இன்ஜின் இல்லாமல் ₹9,500. ஏரோபாட்டிக்ஸ் (வானில் வித்தை காட்டுவது) என்றாலே மனதில் வருகிற உருவம் அது, உடனே வாங்கிவிட்டேன். நண்பர் ஒருவர் தன் இன்ஜினைக் கடன் கொடுத்தார். மூன்று முறை நன்றாகப் பறந்தது. நாலாவது முறை இறங்கும்போது வேகத்தைச் சற்று அதிகமாகக் குறைத்தேன். மூன்று மீட்டர் உயரத்தில் இடது இறக்கை சட்டென்று விழுந்தது. மூக்கும் இறக்கையின் வேர்ப்பகுதியும் நொறுங்கிவிட்டன. நண்பரின் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஒரு ஆறுதல்.

விழுந்த பிறகுதான் அளந்தேன். எடை 2.9 கிலோ, இறக்கைப் பரப்பு 38 சதுர டெசிமீட்டர். அதாவது ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கை 76 கிராமைத் தூக்குகிறது. நுனியை நோக்கிக் குறுகும் இறக்கை வேறு. வேகம் குறைந்தால் அப்படிப்பட்ட இறக்கையில் நுனிதான் முதலில் தாங்குதிறனை இழக்கும். அனுபவம் உள்ள கைக்கு அது அருமையான விமானம், என் கைக்கு அது இல்லை. யாராவது பழைய விமானம் விற்றால் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி எடை, இரண்டாவது கேள்வி இறக்கைப் பரப்பு. நிறத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அந்த மழைக்காலத்தில் அக்லி ஸ்டிக் (அழகில்லாத குச்சி) என்ற விமானத்தைக் கட்ட முடிவு செய்தேன். 1960-களில் அமெரிக்காவில் ஃபில் கிராஃப்ட் வரைந்த வடிவம். உடல் ஒரு நீளப் பெட்டி, இறக்கை ஒரு செவ்வகம். அழகு கிடையாது, பெயரிலேயே சொல்லிவிட்டார். ஆனால் செவ்வக இறக்கையில் எல்லா ரிப்பும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) ஒரே அளவு. ஒரு ப்ளைவுட் அச்சு செய்துகொண்டு 21 ரிப்பையும் அடுக்கி, ஊசி குத்தி, ஒன்றாகத் தேய்த்துவிடலாம். மேலும் செவ்வக இறக்கை வேகம் குறையும்போது நடுவில்தான் முதலில் தளரும். நுனியில் எய்லரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், இறக்கையின் பின்விளிம்புப் பலகை) பிடி மிச்சம் இருக்கும். எக்ஸ்ட்ராவை இழந்தவனுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அளவுகள் இவை. இறக்கை நீளம் 1524 மி.மீ., அகலம் 305, தடிமன் 46. மேலும் கீழும் ஒரே வளைவு, அப்போதுதான் தலைகீழாகவும் அதே மாதிரி பறக்கும். பரப்பு 46.5 சதுர டெசிமீட்டர். ரிப்புகள் 2 மி.மீ. பால்சா, மிக லேசான மரம். நீள வாக்கில் போகும் ஸ்பார் குச்சிக்கு பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தைப் பயன்படுத்தினேன். பழைய மரக்கடையில் பத்துப் பலகையைப் புரட்டி, முடிச்சில்லாமல் நேர் ரேகை ஓடும் ஒன்றைப் பொறுக்கி, 6 மி.மீ. சதுரமாக அறுத்துவாங்கினேன். அறுப்புக் கூலியோடு ₹180. மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே 2 மி.மீ. பால்சாவை ரேகை செங்குத்தாக இருக்கும்படி ஒட்ட வேண்டும். இந்தத் தடுப்பை நடுப்பகுதியில் மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்தினேன். உறை போடும் முன் இறக்கையைக் கவிழ்த்து நடுவில் தாங்கல் கொடுத்து, மேலே பத்து கிலோ மணல் பைகளைப் பரப்பியபோது பாதி தூரத்தில் நறநறவென்று சத்தம் கேட்டது. பைகளை எடுத்துவிட்டு நுனி வரை எல்லா அறைகளிலும் தடுப்பு ஒட்டினேன். ஒரு மாலை வேலை, 15 கிராம் கூடுதல். அடுத்த சோதனையில் சத்தமே இல்லை.

வால் விஷயத்தில் செய்த தவறு இன்னும் என்னோடு இருக்கிறது. கிடைவால், நிமிர்வால் இரண்டையும் 6 மி.மீ. முழுப் பலகையில் வெட்டினேன், வேலை சுலபம் என்பதால். விளைவு, சமநிலைப் புள்ளியைக் கொண்டுவர மூக்கில் 90 கிராம் ஈயம் கட்ட வேண்டியிருந்தது. வாலில் ஒரு கிராம் ஏறினால் மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் கேட்கிறது. குச்சிகளைச் சட்டமாக ஒட்டிய வாலாக இருந்தால் முப்பது கிராமாவது குறைந்திருக்கும்.

ரேடியோ ஃப்ளைஸ்கை ஐ6, ரிசீவரோடு ₹4,600. சர்வோ, அதாவது அசையும் பலகைகளை இழுக்கும் சின்ன மோட்டார், ஐந்து. எரிபொருள் இல்லாத எடை 2,450 கிராம், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 53 கிராம்கூட இல்லை.

இனி இன்ஜின். இந்த அளவு விமானத்துக்கு 46 அளவு கிளோ இன்ஜின் (கிளோ பிளக்கின் சூட்டில் மெத்தனால் எரியும் சிறிய இன்ஜின்) என்பார்கள், 0.46 கன அங்குலம், அதாவது 7.5 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். புதியது வாங்கக் கையில் காசில்லை. சைலன்சரோடு பழையது ₹4,500-க்குக் கிடைத்தது. பிராப்பை, அதாவது மூக்கில் சுழலும் விசிறியை, கையால் சுற்றினால் அழுத்தம் நன்றாக இருந்தது, ஆனால் உள்ளே கரகரப்பு. எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"பேரிங் துரு பிடிச்சிருக்கு தம்பி. ஓட்டி முடிச்சு ஆயில் விடாம அப்படியே வெச்சிருக்காங்க."

"மாத்தினா சரியாயிருமாண்ணே?"

"பிஸ்டன் நல்லாருக்கே. மாத்திரு."

மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் உள்ளே மிச்சமிருக்கும் எரிபொருளை எரித்துத் தீர்த்துவிட்டு எண்ணெய் விடாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே பேரிங் போய்விடும்.

வெளியே படிந்திருந்த பழுப்பு நிறக் கருகல் எரிந்துபோன ஆமணக்கெண்ணெய். சாதாரண சோப்புக்கு அது அசையாது. கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் போட்டு மொட்டை மாடியில் மின்சார அடுப்பில் கொதிக்காத சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் அலுமினியம் வெளுத்துவந்தது. கூலன்ட் விஷம். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது, குழந்தைகள், பூனை, நாய் பக்கத்தில் வரக் கூடாது. பேரிங்கைக் கழற்ற சுத்தியலும் குச்சியும் தேவையில்லை. கழுவித் துடைத்த இன்ஜின் உடலைப் பழைய தோசைக்கல்லில் கவிழ்த்து வைத்து நன்றாகச் சூடேற்றினேன். ஒரு துளி தண்ணீர் பட்டால் உடனே சுர்ரென்று பறக்கும் சூடு. துணிக் கையுறையோடு எடுத்து மரக்கட்டையில் இரண்டு தட்டு தட்டியதும் பின்பக்க பேரிங் தானே விழுந்தது. அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால் பிடி விட்டுவிடுகிறது. புது பேரிங்கை ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி சூடேற்றிய உடலில் விட்டால் விரலால் அழுத்தியே உட்காருகிறது. இரண்டு பேரிங்கும் ₹680. இந்த வேலை தந்த மகிழ்ச்சி பெரியது. கையில் சுற்றினால் பட்டு மாதிரி ஓடியது.

2024 மாசியில் கண்மாயில் முதல் ஓட்டம். எரிபொருள் மெத்தனால் 80, ஆமணக்கெண்ணெய் 20. நைட்ரோமீத்தேன் கலக்கவில்லை. 11×6 பிராப்பில் (11 அங்குல நீளம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் முறுக்கு) டேக்கோமீட்டர் நிமிடத்துக்கு 10,900 சுற்று காட்டியது. பறந்தது. லூப் (செங்குத்தான வட்டம்) போட்டது. ஆனால் மூக்கைச் செங்குத்தாக வைத்த மூன்றாவது நொடி இன்ஜின் கீச்சென்று குரல் உயர்ந்து அணைந்தது. இறக்கிவிட்டேன். கார்புரேட்டரின் ஊசியைத் திறந்து கலவையைக் கனமாக்கினேன், அதாவது எரிபொருளைக் கூட்டினேன். கிடையாகப் பறக்கும்போது இருமியது, செங்குத்தில் மறுபடி அணைந்தது. அந்த முறை காற்று எதிராக இருந்ததால் கருவேல மரத்தில் இறங்கியது. உறையில் பதினான்கு கிழிசல். ஒவ்வொன்றையும் எண்ணி ஒட்டினேன்.

இரண்டு வாரம் ஊசியையும் கிளோ பிளக்கையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு டேங்கில். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் ஊசி மட்டத்தோடோ அதற்கு ஆறேழு மி.மீ. கீழேயோ இருக்க வேண்டும். நான் உடலின் தரையிலேயே வைத்திருந்தேன், 22 மி.மீ. கீழே. மூக்கு மேலே போனால் எரிபொருள் இன்னும் கூடுதலாக ஏற வேண்டும், கலவை மெலிந்து அணைகிறது. அடியில் ஃபோம் வைத்து டேங்கைத் தூக்கினேன். அதே ஃபோம் அதிர்வையும் குறைத்து உள்ளே நுரை கட்டாமல் பார்த்துக்கொண்டது. பிறகு ஊசியை வைக்கும் முறையையும் மாற்றினேன். உச்ச வேகம் வரை மூடி, அங்கிருந்து 400 சுற்று குறையும் வரை திறந்து, விமானத்தை இறுகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பத்து நொடி வைப்பது. குரல் கொஞ்சம் ஏறி அப்படியே நின்றால் பறக்கலாம், தொய்ந்தால் இன்னும் திறக்க வேண்டும். பங்குனி சித்திரையில் ஒரு தடவைகூட அணையவில்லை. அந்த இரண்டு மாதம் எனக்கு மறக்காது. ஆமணக்கெண்ணெய் எரியும் அந்த வாசனையும்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மெத்தனால் விற்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். எனக்குக் கலவையாக எரிபொருள் கொடுத்துவந்தவர் இனி முடியாது என்றார். அவர் சொன்னது சரி. அந்தத் திரவம் வீட்டில் ஒரு கேனில் இருப்பதை நினைத்தாலே எனக்கும் பிடிக்கவில்லை. நல்ல இன்ஜின், நல்ல விமானம், ஊற்ற ஒன்றுமில்லை. இன்ஜினுக்கு விலை பேசும் முன் எரிபொருள் எங்கிருந்து வரும், லிட்டர் என்ன விலை, எத்தனை நாளைக்குக் கிடைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். அதுவரை லிட்டர் ₹650 வீதம் ஆறு லிட்டர் வாங்கியிருந்தேன். ஒரு பறத்தலுக்கு 240 மி.லி., கிட்டத்தட்ட ₹155.

அடுத்த மழைக்காலம் மோட்டாருக்கு மாற்றும் வேலை. இந்த முறை தலைகீழாகத் தொடங்கினேன். ஏரோபாட்டிக்ஸுக்கு ஒரு கிலோவுக்கு 300 வாட் வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. இரண்டரைக் கிலோவுக்கு 750 வாட். நான்கு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பளுவில் 14 வோல்ட் கொடுத்தால் கிட்டத்தட்ட 54 ஆம்பியர். 42 மி.மீ. குறுக்களவு, 50 மி.மீ. நீளம், 800 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 800 சுற்று) மோட்டார் ₹2,700. ஆம்பியர் கணக்கு 54 என்று என் கையால் எழுதிவிட்டு, விலை குறைவு என்று 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) வாங்கினேன். கூடவே, பெரிய பிராப் நல்லது என்று நினைத்து 14×7 மாட்டினேன். மூன்றாவது நிமிடம் லூப்பின் உச்சியில் சக்தி போய்விட்டது. இறங்கியபின் இஎஸ்சியைத் தொட முடியவில்லை.

அன்று மாலைதான் ₹900-க்கு வாட்மீட்டர் வாங்கினேன். மோட்டாருக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய பொருள். 14×7-இல் 68 ஆம்பியர் காட்டியது. 13×6.5-க்கு மாற்றியதும் 51. விமானத்தின் வாலை லக்கேஜ் தராசில் கட்டித் தூணில் மாட்டி இழுவையைப் பார்த்தேன், 2.7 கிலோ. விமானத்தின் எடையைவிடச் சற்றே அதிகம், செங்குத்தாக ஏற இது போதும். 80 ஆம்பியர் இஎஸ்சி புதிதாக ₹2,600. காற்று உள்ளே வர மூக்கில் ஒரு துளை, வெளியேற வயிற்றில் அதைப்போல இரண்டு மடங்கு பரப்பில் ஒரு துளை. முதலில் வெளியேறும் துளை சிறியதாக இருந்தது, சூடு குறையவே இல்லை. பெரிதாக்கியதும் பறந்து இறக்கியபின் கை வைக்கும் சூடுதான்.

இன்ஜின், டேங்க், த்ராட்டில் சர்வோ, ரிசீவர் பேட்டரி எல்லாம் போய், மோட்டாரும் 4,200 எம்ஏஎச் பேட்டரியும் வந்தன. பேட்டரியை முன்சுவருக்குப் பின்னாலேயே நெருக்கி வைத்ததால் 90 கிராம் ஈயமும் போனது. மொத்த எடை 2,460, பத்து கிராம்தான் வித்தியாசம். பேட்டரி மாற்ற மேலே ஒரு மூடி வெட்டி காந்தம் வைத்தேன். முதலில் மூடி இல்லாமல் ஒவ்வொரு தடவையும் இறக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

சமநிலைப் புள்ளியை முன்விளிம்பிலிருந்து 80 மி.மீ.-இல் தொடங்கினேன். தலைகீழாகப் பறக்கும்போது மூக்கு விழாமல் இருக்க எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் கிடைவால் பலகை) நிறையத் தள்ள வேண்டியிருந்தது. பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி 90-இல் நிறுத்தினேன். இப்போது ரேடியோவின் குச்சியை லேசாகத் தொட்டாலே போதும். மோட்டாருக்கு வலப்பக்கம் இரண்டு டிகிரி சாய்வு, வாஷர் வைத்து. அதற்கு முன் செங்குத்தில் எப்போதும் இடது பக்கம் நழுவியது, ஸ்டால் டர்ன் வராததற்கு அதுவும் காரணம். பலகைகளின் அசைவு, எய்லரான் ஒவ்வொரு பக்கமும் 14 மி.மீ., எலிவேட்டர் 16. ரடரை மட்டும் கீல் விடும் அளவுக்கு முழுதாகத் திறந்துவிட்டேன். உச்சியில் காற்றே இல்லாதபோது அதுதான் புரட்ட வேண்டும். ரடரைக் கொடுக்கும் நேரம் பழகப் பழகத்தான் வருகிறது. விமானம் நின்றுவிட்ட பிறகு கொடுத்தால் மூக்கு எந்தப் பக்கமோ விழும், நிற்பதற்கு அரை நொடி முன்னால் கொடுக்க வேண்டும், த்ராட்டில் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும்.

டைமர் ஆறரை நிமிடம். இறக்கியபின் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட்டுக்குக் குறைந்ததில்லை. வீட்டில் வைக்கும்போது 3.8-இல் வைக்கிறேன், வெயிலில் காருக்குள் ஒரு நிமிடம்கூட விடுவதில்லை. பேட்டரி ஒன்று ₹4,400. 150 தடவை வரும் என்று வைத்தால் ஒரு பறத்தலுக்கு ₹29.

செலவைக் கூட்டினேன். இன்று பறக்கும் விமானத்தில் இருப்பவை: ரேடியோ 4,600, நான்கு சர்வோ 1,800, மரம், உறை, பசை 6,800, சக்கரம், கம்பி, கீல் 1,200, மோட்டார் 2,700, இஎஸ்சி 2,600, இரண்டு பேட்டரி 8,800, சார்ஜர் 2,800, வாட்மீட்டர் 900, பிராப் 700. மொத்தம் ₹32,900. வழியில் போனது எக்ஸ்ட்ரா, கிளோ இன்ஜின் வேலை, எரிபொருள், கருகிய இஎஸ்சி என்று இன்னொரு ₹21,900. இவ்வளவு பணம் இல்லாதவர்கள் இதே செவ்வக இறக்கையை ஒரு மீட்டர் நீளத்தில் சன்பேக் ஷீட்டிலோ (பிளாஸ்டிக் அட்டை) ஃபோமிலோ வெட்டி, 2212 என்ற சின்ன அளவு மோட்டாரும் மூன்று செல் 2,200 எம்ஏஎச் பேட்டரியும் போட்டுத் தொடங்கலாம். ரேடியோவைச் சேர்த்தே பத்துப் பன்னிரண்டாயிரத்தில் முடியும். ரோலும் லூப்பும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம், விழுந்தால் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

ஐப்பசிக்குள் புது வால் வெட்ட வேண்டும், இந்த முறை குச்சிச் சட்டம். அதற்கான பைன் மரத்தைப் போன வாரமே அறுத்துவாங்கி மாடியில் காயப்போட்டிருக்கிறேன். கிளோ இன்ஜினை விற்கவில்லை. உள்ளே எண்ணெய் விட்டு, பாலிதீனில் சுற்றி, பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை எடுத்துச் சுற்றிப் பார்க்கிறேன். இன்னும் பட்டு மாதிரிதான் ஓடுகிறது.